நோய் நீங்கியவரின் நன்றிப் பண்

மேலைநாட்டார் தம் கருவியிசையைப் பல வகையாகப் பகுத்துள்ளனர். பெரிய அரங்கில் எண்பது தொண்ணூறு பேர் ஒருங்கே அமர்ந்து இசைப்பது ஒரு வகை. மூவரோ நால்வரோ ஓர் அறையில் எதிரெதிர் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இசைப்பது மற்றொரு வகை. இதனை அவர்கள் ‘சேம்பர் மியூசிக்’ என்பர். நாம் அறையிசை என்று சொல்லலாம். அறையிசையுள் தலைசிறந்து நிற்பது நால்வர் நரம்பிசை. அதில் வயலின் இரண்டு. வயலினினும் சற்றுப் பெரியதும் குரல் தாழ்ந்ததுமாகிய வியோலா ஒன்று. முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று. தாளக் கருவி இல்லை; சுருதி கூட்டத் தம்புரா இல்லை; முன்னின்று நடத்துவாரும் இல்லை. நால்வரின் காதும் கண்ணுமே காலத்தையும் சுருதியையும் காத்தல் வேண்டும். தம்புரா இல்லை என்பதை மனத்திற் கொள்க. பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இவ்வகை இசைப் படைப்பு ஒன்றனுள் மிக மெதுவாக நடக்கும் ஒரு பகுதியை இங்கே காண்போம். இயற்றியவர் லுட்விக் வான் பீத்தோவன். அவர் 1770-இல் பான் நகரிற் பிறந்து, வியன்னா மாநகரில் வாழ்ந்து, 1827 மார்ச்சு 26-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவருடைய நால்வர் நரம்பிசைகளுள் 132 என்னும் எண் பெற்றது 1825-இல் எழுதப்பட்டது. அதில் ஐந்து பகுதிகள் உள்ளன. நடுவண் நிற்கும் மூன்றாம் பகுதியே நாம் எடுத்துக்கொண்டது. அதனை மட்டும் வாசிக்கவே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். சிலர் இருபது நிமிடம் வரையிலும் வாசிப்பர்.

அதனை முதன்முதற் கேட்டபோது எனக்கு நேர்ந்ததை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர் வயலின் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மாலை அவர் வீட்டில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, “புலவரே, கேளுங்கள்” என்றார். கேட்டேன். ஏதோ சுருதி சேர்ப்பது போன்ற ஒரு மெல்லொலி, அதன்பின் நீண்ட ஓசைகள் சில, மறுபடியும் மெல்லொலி. நெடுநேரம் பொறுத்திருந்து, “பாட்டு எப்பொழுது தொடங்கும் ஐயா?” என்று வினவினேன். அவர் சிரித்தார். “தொடங்கி மூன்று நிமிடம் ஆயிற்று” என்றார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் விளங்காத செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் கேட்டுப் பின்னர் மீண்டும் படிப்பதன்றோ நம் வழக்கம்? அவ்வாறே இதனையும் கற்றுக்கொள்ள எண்ணினேன். ஓர் இசையின் மெய்ப்பாடு எதனாற் பிறக்கிறது? அது செல்லும் நடையாலா, அமைந்த பண்ணாலா? நண்பரிடம் நான் முதலிற் கேட்ட கேள்வி இதுவே.

விடை காண்பதற்கு அது பிறந்த கதையை அறிதல் வேண்டும். உருசிய நாட்டு இளவரசர் நிக்கோலாய் கலிட்சின் என்பவர் 1822-இல் பீத்தோவனுக்குத் திருமுகம் எழுதி, நால்வர் நரம்பிசை ஒன்றோ இரண்டோ மூன்றோ இயற்றித் தருமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளால் எழுந்த மூன்றனுள் ஒன்று இது. 1825-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீத்தோவன் இதனை எழுதிக்கொண்டிருந்தார். அப்பொழுதே அவர் காது கேளாதவர். அவரிடம் பேச வந்தோர் தாம் சொல்ல வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டுவர். ஏப்பிரல் மாதத்தில் குடல் அழற்சி நோய் அவரைப் படுக்கையிற் கிடத்தியது. எழுத்து நின்றது. ஆன்டன் பிரவுன்ஹோஃபர் என்னும் மருத்துவர் வந்து பார்த்தார். மது கூடாது, காப்பி கூடாது, காரமும் மசாலையும் சேர்ந்த உணவு கூடாது என்று பத்தியம் விதித்தார். பீத்தோவன் காப்பியில் மிக்க விருப்பம் உடையவர். அவர்க்கு எது பெருந்துன்பம், நோயா பத்தியமா என்பது ஆராயத்தக்கது!

மே மாதத்தில் அவர் வியன்னாவை அடுத்த பாடன் என்னும் ஊருக்குச் சென்று தங்கினார். நோய் முற்றும் நீங்கவில்லை. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் குருதி வருவதாக மருத்துவர்க்கு மடல் எழுதினார். அம்மடலிலேயே மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதாக ஒரு நகைச்சுவை உரையாடலையும் எழுதிச் சேர்த்தார். உடம்பு தேறத் தேற எழுத்துப் பணியும் தொடர்ந்தது. அப்பொழுது எழுந்ததே இம்மெதுநடைப் பகுதி. அதன் முகப்பில் அவரே செருமானிய மொழியில் ஒரு தலைப்பும் இட்டார். நோயினின்று தேறிவரும் ஒருவர் இறைக்குச் செலுத்தும் புனித நன்றிப் பாடல், லிடிய முறையில் அமைந்தது என்பது அத்தலைப்பின் பொருள். சொற்களே இல்லாத கருவியிசைக்கு இத்துணை நீண்ட தலைப்பு இடுவது அவர் வழக்கமன்று.

தலைப்பின் அருகே நடையைக் குறிக்கும் சொல்லும் உண்டு. ‘மோல்ட்டோ அடாஜியோ’ என்பது அது. மேலையிசைவாணர் எந்நாட்டினராயினும் நடைக்கு இத்தாலியச் சொற்களையே பெரும்பாலும் ஆள்வர். ‘மோல்ட்டோ’ என்றால் மிக. ‘அடாஜியோ’ என்பதை மெதுவாக என்று அகராதி சொல்லும். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு நயம் புலப்படுகிறது. ‘அஜியோ’ என்பது இளைப்பாறலையும் வசதியையும் குறிப்பது. ஆகவே ‘அடாஜியோ’ என்பதற்கு நம் மொழியில் நேர்ச் சொல் தேடினால், ‘ஆற அமர’ என்பதே பொருந்தும். விரைவு இன்மையை மட்டும் அது சொல்லவில்லை. விரைய வேண்டிய தேவை இன்மையையும் சொல்கிறது.

எவ்வளவு மெதுவாக வாசிப்பது? காலத்தை அளந்து தட்டும் மெட்ரோனோம் என்னும் கருவி பீத்தோவன் காலத்திலேயே வந்துவிட்டது. அதனை அவர் வரவேற்றுத் தம் முந்திய நால்வர் நரம்பிசைகளுக்கு எண்ணும் குறித்தார். இதற்கோ எண் குறிக்கவில்லை. ஆகையால் வாசிப்போர் தத்தம் உணர்வுக்கேற்ப நடையைத் தேர்ந்துகொள்கின்றனர். ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதற்கூறு முப்பது தாளக்கட்டுகளால் ஆனது. ஒவ்வொரு கட்டிலும் நான்கு எண்ணிக்கை, ஆக 120. இதனை மூன்று நிமிடத்தில் வாசித்தால் ஓர் எண்ணிக்கைக்கு ஒன்றரை நொடி ஆகிறது. நன்றிப் பாடலின் சுரம் ஒவ்வொன்றும் இரண்டு எண்ணிக்கை நீளுவது. எனவே ஒரு சுரம் மூன்று நொடி நிற்கும். அசையாது படுத்திருக்கும் ஒருவர் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே ஆகும். சுரங்கள் மூச்சுக்கு மூச்சு வருகின்றன. கைகொட்டித் தாளம் போட முயன்றால் கை சோர்ந்துவிடும். மூச்சைக் கவனித்தால் நடை தானே பிடிபடும். நான் அன்று பாட்டைத் தவறவிட்டது இதனாலேதான். கையால் தேடினேன்.

முதற்கூற்றின் அமைப்பும் எளியது. பாடலுக்கு ஐந்து அடிகள். அடிக்கு எட்டுச் சுரம். ஒவ்வோர் அடிக்கும் முன்னர் ஒரு சிறு சுரத்தொடர் வருகிறது. அதனை ஒருவர் எடுக்க, மற்றவர் ஒருவர்பின் ஒருவராகத் தொடர்கின்றனர். பின்னர் நால்வரும் ஒன்றுகூடிப் பாடலின் அடியை இசைக்கின்றனர். எல்லாம் அடங்கிய குரலிலேயே நிகழ்கிறது. இக்காலத்து வாசிப்போர் பலர், விரலை அசைத்து ஒலியைத் துடிக்கச் செய்யும் தம் வழக்கத்தையும் இங்கே விட்டுவிட்டு, சுரத்தை அசைவின்றி நேராக நிறுத்துகின்றனர்.

இனிப் பண்ணுக்கு வருவோம். லிடிய முறை என்பது ஐரோப்பியத் திருக்கோயில்களில் முற்காலத்தில் வழங்கிய சுர வரிசைகளுள் ஒன்று. சின்ன ஆசியாவிலிருந்த லிடியா என்னும் பழைய நாட்டின் பெயரால் அமைந்தது. பீத்தோவன் காலத்தில் அப்பழைய முறைகள் பொது வழக்கினின்று நீங்கி, பெருமுறை, சிறுமுறை என்னும் இரண்டே ஆட்சி செலுத்தின. அவர் 1823-இல் முடித்த பெரிய வழிபாட்டிசைக்காகப் பழைய கோயிலிசையைத் தேடிக் கற்றவர். அக்கல்வி இங்கே பயன்பட்டது.

இம்முறையை நம் வீட்டு ஆர்மோனியத்திலேயே கண்டுகொள்ளலாம். வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவதும், இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்றவாறு எண்ணுவதும் நம் பாடகர் வழக்கம். நான்கு கட்டையில் சட்சத்தை வைத்து, கறுப்புக் கட்டையைத் தொடாமல், வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். அதுவே லிடிய முறை. கேட்டவுடன், “இது கல்யாணி அன்றோ?” என்று இசை பயின்ற மாணவர் கூறுவர். உண்மைதான். சுரங்கள் கல்யாணியின் சுரங்களே. தமிழ் நூல்கள் கூறும் ஏழு பாலைகளுள் மேற்செம்பாலை இதுவெனப் பண்ணாராய்ச்சியாளர் கொள்வர். ஏழு கட்டைக்கு மாறாக ஆறரைக் கட்டையை மத்திமமாகக் கொண்டால் சங்கராபரணத்தின் சுரங்கள் வந்துவிடும்; மேலைநாட்டார் பெருமுறை என்பது அதுவே. வேற்றுமை ஒரே ஒரு சுரத்தில்தான் உள்ளது.

அப்படியாயின் வியன்னாவில் எழுந்த இந்நன்றிப் பாடல் நம் காதுக்குக் கல்யாணியாக ஒலிக்க வேண்டுமே! ஒலிப்பதில்லை. நண்பர் சொல்லிய பின்னரும் என்னால் அதில் கல்யாணியைக் காண முடியவில்லை. ஏன் என்று எண்ணினேன். கமகம் இல்லாமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், முன்னே சொன்ன தம்புரா இல்லாமை. நம் பாடகர் கல்யாணி பாடும்போது பின்னால் சட்சம் இடையறாது ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு தொலைவு சென்றாலும் வீடு எங்கே என்பது தெரியும். நால்வர் நரம்பிசையில் அவ்வாறு தெரிவிக்கும் ஒலி இல்லை. நான்கு கருவிகளும் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளைக் கொண்டுதான் கேட்போர் இதுவே வீடு என்று உய்த்துணர வேண்டும். வெள்ளைக் கட்டைகளை மட்டும் ஒலித்தால், பெருமுறையிற் பழகிய காது ஒரு கட்டையையே சட்சமாகக் கொள்ள விரும்பும். பீத்தோவனோ நான்கு கட்டையைச் சட்சமாக வைத்துள்ளார். எனவே காது ஒரு வீட்டை நாடுகிறது. பாடல் மற்றொரு வீட்டில் இருக்கிறது. பெருந்துன்பம் ஒன்றுமில்லை, ஆயினும் காலூன்றி நிற்கும் உறுதியும் இல்லை. அமைதி இருக்கிறது, அடித்தளம் இலேசாக அசைகிறது.

படுக்கையினின்று எழுந்தவரின் நிலை இதுவன்றோ? காய்ச்சல் விட்டிருக்கும். நோவு இராது. மனம் தெளிந்திருக்கும். ஆனால் இந்நலம் நிலைக்குமா என்பது தெரியாது. நன்றி சொல்லும்போதே அந்த ஐயமும் உடன் இருக்கும். கல்யாணியின் சுரங்களிலிருந்து இம்மெய்ப்பாடு பிறந்ததற்குப் பண் மட்டும் காரணமன்று; மூச்சளவாகச் சென்ற நடை மட்டும் காரணமன்று. அப்பண்ணை அந்நடையில், தம்புராவின்றி, நான்கு குரல்களில் வைத்ததே காரணம். இதே சுரங்களை மும்மடங்கு விரைவாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நண்பர் தம் வயலினில் வாசித்தார். ஏதோ ஊர்வலப் பாட்டுப் போல இருந்தது, இருவரும் சிரித்துவிட்டோம்.

ஐந்தாம் அடி முடிந்ததும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. நான்கு கட்டை மறைந்து இரண்டு கட்டை சட்சமாகிறது. முறை பெருமுறை ஆகிறது. இதுவரை காணாத ஒன்றரையும் நாலரையும் ஆகிய கறுப்புக் கட்டைகள் இரண்டு சுர வரிசையிற் புகுகின்றன. இருண்ட அறையிற் பலகணிக் கதவைத் திறந்தாற்போல ஒலி விளங்குகிறது. நான்கெண்ணி நடந்தது மூன்றெண்ணி நடக்கிறது. உரத்த ஒலியும் மெல்லிய ஒலியும் மாறிமாறி வருகின்றன. வயலின், ஒரு சுரத்தையும் அதற்கு அடுத்த மேற்சுரத்தையும் மாறிமாறி விரைந்து ஒலித்து, அணில் போலத் துள்ளுகிறது. இங்கே பீத்தோவன் எழுதிய குறிப்பு, புதிய வலிமையை உணர்ந்து என்பது. நடையைக் குறிக்கும் சொல் ‘அந்தாந்தே’. இச்சொல்லின் வேரை ஆராய்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இத்தாலிய மொழியில் ‘அந்தாரே’ என்றால் செல்லுதல். ‘அந்தாந்தே’ என்பது நடந்து செல்வதுபோல என்னும் பொருளது. ஆற அமரக் கிடந்தவர் எழுந்து நடக்கிறார்! நம் மொழியிலும் காலின் செலவுக்கும் தாளத்தின் செலவுக்கும் ‘நடை’ என்னும் ஒரே சொல் வழங்குதல் காண்க.

பதினோராம் வயதில் எனக்கு விடக்காய்ச்சல் வந்து நாற்பது நாள் கிடந்தேன். எழுந்த முதல் நாள் திண்ணையிலிருந்து கிணற்றடி வரை தனியே நடந்து போனேன். பத்து அடிதான் இருக்கும். ஏதோ மலையேறியவன் போல நின்று திரும்பிப் பார்த்தேன். விழுந்துவிடுவேனோ என்று அம்மா பின்னாலேயே கையை நீட்டியபடி வந்துகொண்டிருந்தாள். அந்தாந்தேக் கூற்றைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கிணற்றடி நினைவுக்கு வருகிறது. அதிலுள்ள துள்ளல் உடல்நலம் மிக்கவரின் துள்ளலன்று. இரண்டடி வைத்து மூச்சு வாங்கி, மறுபடி இரண்டடி வைப்பவரின் துள்ளல். உரத்த ஒலியை அடுத்து மெல்லொலி வருவதன் பொருள் அதுவென்றே நான் கொள்கிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் இளிவரல் தோன்றுதற்குரிய நிலைக்களன்களில் பிணியை ஒன்றாகச் சொன்னார். மருட்கை தோன்றுதற்குரியவற்றில் புதுமையையும் ஆக்கத்தையும் சொன்னார். முதற்கூற்றிலிருந்து இரண்டாம் கூற்றுக்குச் செல்லுதல் இளிவரலிலிருந்து மருட்கைக்குச் செல்லுதல் என்றால் பிழையாகாது.

நடந்தவர் சோர்கிறார். ‘மோல்ட்டோ அடாஜியோ’ மீண்டும் வருகிறது. பாடலின் ஐந்தடிகளும் இப்பொழுது முதல் வயலினில் மேல் தாயியில் ஒலிக்க, மற்ற மூவரும் கீழே ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றனர். படுக்கை அதே படுக்கை, படுத்திருப்பவர் மாறியிருக்கிறார். பிறகு மீண்டும் ‘அந்தாந்தே’. முன்னினும் அணி மிகுந்தது. பிறகு மூன்றாம் முறையாக ஆற அமரும் நடை. ஆகக் கிடத்தல் மூன்று, நடத்தல் இரண்டு.

இந்த மூன்றாவதே பகுதியின் உச்சம். மிக உள்ளார்ந்த உணர்வோடு வாசிக்க என்று பீத்தோவன் இங்கே எழுதினார். ஐந்தடிப் பாடலில் முதலடி மட்டுமே வருகிறது. அந்த ஓரடியையும், தொடக்கத்தில் அடிகளுக்கு முன்னே வந்த சிறு சுரத்தொடரையும் நால்வரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கின்றனர். நன்றி சொல்லத் தொடங்கியவர் முதலடியைக் கடக்க மாட்டாமல் அதனையே திரும்பத் திரும்பச் சொல்வது போல் இருக்கிறது. ஒலி வளர்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தி வாசிக்கும் இடம் ஒன்று வருகிறது. அத்துணை மெதுவான நடையில் அவ்வளவு அழுத்தம் தருதல் வில் பிடிக்கும் கைக்குப் பெருஞ்சோதனை என்று நண்பர் சொன்னார். பின்னர் ஒலி தேய்கிறது. நான்கு கட்டையைச் சட்சமாகக் கொண்ட சுரக்கூட்டில் வந்து நிற்கிறது. வீடு சேர்ந்தாயிற்று என்பார் நண்பர். எனக்கோ இன்றுவரையில் அது வாயிற்படியில் நிற்பதாகவே கேட்கிறது. இதுபற்றி எங்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை.

பொது அரங்கேற்றம் 1825 நவம்பர் 6-ஆம் நாள் வியன்னாவில் நடந்தது. அதற்கு முன்னரே செப்டம்பர் மாதத்தில், ஓர் உணவு விடுதியின் அறையில், இசைவாணர் சிலர் கூடியிருக்க இது வாசிக்கப்பட்டது. ஷுப்பான்ட்சிக், ஹோல்ட்ஸ், வைஸ், லிங்கே ஆகிய நால்வர் வாசித்தனர். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜார்ஜ் ஸ்மார்ட் என்னும் இசைவாணர் அங்கே இருந்து கண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். படைப்பு முழுவதும் முக்கால் மணி நேரம் ஆயிற்று; அதனை அன்று இருமுறை வாசித்தனர். நோய் நீங்கியதற்கு நன்றியாக அமைந்த மெதுநடைப் பகுதியையும் அவர் குறித்து, அது பீத்தோவன் தம்மையே எண்ணி எழுதியதாக இருக்கலாம் என்று கருதினார். அறையில் கூட்டம் நெருங்கிப் புழுக்கமாக இருந்தது. பீத்தோவன் மேலங்கியைக் கழற்றிவிட்டு நால்வரையும் நடத்தினார். ஒலி அவர்க்குக் கேளாது. வில்லின் போக்கைக் கண்ணாற் பார்த்தே நடையையும் அழுத்தத்தையும் தெரிந்துகொண்டார். சுரங்களை வெட்டி வெட்டி வாசிக்க வேண்டிய ஓரிடம் அவர் கண்ணுக்கு நிறைவு தரவில்லை. உடனே ஹோல்ட்ஸின் கையிலிருந்த வயலினைப் பறித்து, தாமே அதனை வாசித்துக் காட்டினார். சுருதி கால் சுரம் தாழ்ந்திருந்தது என்று ஸ்மார்ட் எழுதுகிறார். அங்கிருந்தோர் காதுகளுக்கு அது தப்பாமல் தெரிந்திருக்கும். ஆனால் அவர் காட்ட வந்தது சுருதியையன்று. வில் எவ்விடத்தில் நின்று எவ்விடத்தில் எழ வேண்டும் என்பதையே.